களிமண்ணும் ரப்பரும் கூடிய பிளாஸ்டிக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியப் பேருரையும் இன்னிசையும் நாட்டியமும் எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றிற்கு நடுவே பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நின்றால், சிற்றுண்டிக் கூடத்தின் பக்கம் சிலருடைய பார்வை திரும்புவதும் இயல்பே. செயலாளர் அவர்கள் நம்மை அணுகியபொழுது, இலக்கியம் பேச வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர், நாம் அறிந்தது ஆலைத் தொழில் ஒன்றே என்று தெரிவித்தோம். "அந்தத் தொழிலையே தமிழில் சொல்லுங்கள்; நம் காலனிப் பிள்ளைகள் கேட்கட்டும்" என்று அவர் பணித்தார். மறுக்க இயலவில்லை. வெறுங்கையோடும் வரவில்லை. மேடைக்குக் கீழே அந்தச் சிறு மேசைமேல் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என மூன்று நூற்கயிறு கட்டிய மூன்று பட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்வோம். இப்பொழுது ஒருவரும் அவற்றைத் தொட வேண்டா.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மின்கலப் பெட்டி. இவ்வூரில் நின்றுகொண்டு மின்கலத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. 1985-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமர ராஜா நிறுவனத்தின் ஆலைகள் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர்ப் பகுதியிலும் இருப்பதை அறியாதார் இங்கு யார்? ஈயத்தைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும் நம்மினும் நன்கறிந்தோர் எதிரே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே உள்ளே இருப்பதை அவர்களுக்கு விட்டுவிட்டு, வெளியே இருக்கும் பெட்டியை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். நாம் கூறப்போவது எந்த ஓர் ஆலையின் சேர்மான இரகசியமும் அன்று. உலகெங்கும் இத்துறை நூல்களில் காணப்பெறும் பொதுச் செய்திகளே.

மின்தடை நேர்ந்த இரவில் மாடிப்படியின் கீழே இருந்து நம் வீட்டு விசிறியைச் சுழற்றுகிறதே, அந்த மின்கலத்தின் பெட்டியை ஒரு நாளேனும் நாம் உற்று நோக்கியதுண்டா? அதனுள் கந்தக அமிலம் இருக்கிறது. பெட்டியில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்புப் போதும். தரையின் சிமெண்டு பொங்கும், துணி பொத்தலாகும், குழந்தையின் பாதம் வெந்துபோகும். ஈயத் தகடுகளின் கனத்தைத் தாங்கிக்கொண்டு, அமிலத்தையும் அடக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அது அசையாமல் இருக்கவேண்டும். அத்தனை பெரும் பொறுப்பு அந்த மெல்லிய சுவரைச் சார்ந்தது.

முற்காலத்தில் இப்பெட்டியை எபோனைட்டு என்னும் கடின ரப்பரால் செய்தார்கள். ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து வேகவைத்தால் அது கருங்காலி போல் இறுகிவிடும். சுவர் தடித்திருக்கும், மேலே தார் உருக்கி ஊற்றி மூடுவார்கள். கனமோ சொல்லி முடியாது. 1967-இல் அமெரிக்காவில் மெல்லிய சுவருடைய பாலிப்புரொப்பிலீன் பெட்டி பரவலாக விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு எபோனைட்டு மெல்ல மெல்ல ஒதுங்கிற்று. மோட்டார் வண்டிகளின் மின்கலப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று பாலிப்புரொப்பிலீனே.

இந்தப் பாலிப்புரொப்பிலீனைச் சீராகக் கட்டமைத்து முதன்முதலில் ஆராய்ந்து காட்டியவர்களுள் தலையாயவர் இத்தாலி நாட்டு மிலான் நகரத்துப் பேராசிரியர் நாட்டா. அஃது 1954-ஆம் ஆண்டு. 1963-இல் ஜெர்மானிய அறிஞர் சீக்ளரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே சிறு மூலக்கூறு பல்லாயிரம் முறை கைகோத்துச் சங்கிலியாக நீண்டால் அதனைப் பலபடி என்பர். ஆலையில் பாலிமர் என்போம். பாலிப்புரொப்பிலீன் அத்தகைய சங்கிலி. நீரில் மிதக்கும் அளவு இலேசானது. அமிலம் அதனை ஒன்றும் செய்யாது. ஏறத்தாழ 165 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். இத்தனை நற்குணங்களும் உடைய அதற்கு ஒரு குறை உண்டு. குளிரில் அது கண்ணாடியாகிவிடுகிறது.

காய்ச்சிய வெல்லப் பாகு சூட்டில் இழுத்த இழுப்பிற்கு வரும். ஆறிய பின் கமர்கட்டாகிச் சுத்தியலைக் கேட்கும். பலபடிச் சங்கிலிகளும் அவ்வாறே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகளின் அசைவு உறைந்துபோகிறது. அடித்தால் நெளிய வழியின்றி முறிகிறது. பாலிப்புரொப்பிலீனுக்கு அந்த வெப்பநிலை பனிக்கட்டி உறையும் 0 பாகையை ஒட்டி இருக்கிறது. சித்தூரில் இருப்பவர்க்கு இதனால் என்ன இடர் என்று கேட்கலாம். இங்கே செய்யப்படும் மின்கலம் இங்கேயே தங்கிவிடுவதில்லையே! வைகாசி வெயிலில் திருப்பதிச் சாலையில் ஓடும் லாரிக்கும் அதே மின்கலம். மார்கழியில் லடாக்கின் திராஸ் பள்ளத்தாக்கில் நிற்கும் லாரிக்கும் அதே மின்கலம். ஓரிடத்தில் பெட்டி வெப்பத்தால் தளர்ந்து வயிறு புடைக்கக்கூடாது. மற்றோரிடத்தில் கீழே போட்டால் உடையக்கூடாது. இரண்டு குணங்களும் ஒரு பொருளில் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதுதான் பிளாஸ்டிக்குத் தொழிலில் நெடுங்காலத் தலைவலி.

உடையாமைக்கு வழி ரப்பர். எத்திலீன், புரொப்பிலீன் என்னும் இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒருவகைச் செயற்கை ரப்பர் 0 பாகைக்குக் கீழே ஏறத்தாழ 50 பாகை வரை குளிர்ந்தாலும் நெகிழ்ச்சி குன்றாது. அதனைப் பாலிப்புரொப்பிலீனில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு கலந்தால், மோரில் வெண்ணெய்த் திவலைகள் போல நுண்ணிய துளிகளாகப் பரவி நிற்கும். ஒரு துளியின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமனில் எழுபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம்.

ரப்பர் எவ்வாறு காக்கிறது என்பதில் பலர் தவறான எண்ணம் கொண்டிருக்கிறார்கள். மெத்தை போல அடியைத் தாங்கிக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நாமும் அவ்வாறே எண்ணினோம். உண்மை வேறு. அடி விழும்பொழுது ஒவ்வொரு ரப்பர்த் துளியும் உள்ளே வெடித்துச் சிறு குழியாகிறது. அக்குழியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கு, நாற்புறமும் இழுத்துப் பிடித்திருந்த இறுக்கம் நீங்கி, நெளிந்து கொடுக்கத் தொடங்குகிறது. கோடிக்கணக்கான இடங்களில் இவ்வாறு சிறு சிறு நெளிவுகள் நிகழும்பொழுது அடியின் ஆற்றல் அத்தனையும் அவற்றிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு பெரிய வெடிப்பை ஓட்டிச் செல்ல மிச்சம் இருப்பதில்லை. துளி தன்னை அழித்துக்கொண்டு பெட்டியைக் காக்கிறது. துளிகளுக்கு இடையே உள்ள தொலைவு குறைவாக இருந்தால் காப்பு மிகுதி. நைலானை வைத்து ஆராய்ந்த அறிஞர்கள் அத்தொலைவு ஏறத்தாழ ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்ததும் பொருள் திடீரெனத் திண்மை பெறுவதைக் கண்டார்கள். எனவே ரப்பர் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு சிறிதாகப் பகுத்துப் பரப்பினோம் என்பதும் கணக்கில் சேரும்.

ஆனால் ரப்பர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும். அதைச் சேர்க்கச் சேர்க்கப் பெட்டி வளைந்து கொடுக்கிறது, வெப்பத்தில் புடைக்கிறது. இதனை ஈடுசெய்யப் பழைய வழி, கல்மாவு எனப்படும் டால்க்குத் தூளை நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கொட்டுவது. வன்மை வரும், பொருளோ கனத்துவிடும். இலேசாக இருக்கிறதென்று கருதியல்லவா பிளாஸ்டிக்கைத் தேடினோம்?

இங்கேதான் களிமண் வருகிறது. மாண்ட்மொரிலோனைட்டு என்னும் களிமண் வகை பெண்டோனைட்டு மண்ணில் நிறைந்திருக்கிறது. குஜராத்தின் கச்சிலும் இராஜஸ்தானத்தின் பார்மரிலும் அது வெட்டி எடுக்கப்படுகிறது. இதன் அமைப்பை விளக்க நமக்கு ஓலைச்சுவடியை விடச் சிறந்த உவமை கிடைக்கவில்லை. ஏட்டின்மேல் ஏடாக அடுக்கிக் கட்டிய சுவடி அது. ஓர் ஏட்டின் தடிப்பு ஒரு நானோமீட்டர்; அஃதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அகலமோ அதனினும் நூறு மடங்கு முதல் பல நூறு மடங்கு வரை. சுவடியைக் கட்டோடு பிளாஸ்டிக்கில் போட்டால் மேலேடும் கீழேடும்தான் அதனைத் தொடும். வெறும் மண்ணைப் போட்டதற்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இராது. கட்டை அவிழ்த்து ஏடுகளைத் தனித்தனியே பிரித்துவிட்டால் கதை மாறுகிறது. ஒரு கிராம் களிமண்ணின் ஏடுகளை முழுதும் பிரித்து அவற்றின் பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். மனை வாங்கி விற்போர்க்குப் புரியும்படி சொல்வதாயின் மூன்று கிரவுண்டு. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டு மனை!

ஜப்பானியர் இதனை முதலில் பயன்கொண்டார்கள். 1980-களில் டொயோட்டா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் நைலானில் நூற்றுக்கு நான்கைந்து பங்கே இக்களிமண்ணைப் பிரித்துச் சேர்த்தார்கள். நைலானின் வன்மை இரு மடங்கை எட்டிற்று. சுமையேற்றிச் சூடாக்கினால் 65 பாகையில் தளர்ந்துகொண்டிருந்த பொருள் 150 பாகையை ஒட்டி வரும்வரை நின்றது. மோட்டார் வண்டியின் எஞ்சின் பட்டை மூடியை அதனால் செய்தார்கள். நானோக் கலவைப் பொருள்கள் என்னும் துறைக்கு உலகெங்கும் ஆர்வம் பிறந்தது அதன் பிறகே.

சுவடியின் கட்டை அவிழ்ப்பது எளிதன்று. களிமண் நீரை நாடும். பாலிப்புரொப்பிலீன் எண்ணெய்க் குலம், நீரை வெறுக்கும். இரண்டும் முகம் பாரா. ஆகவே ஏடுகளுக்கு நடுவே இருக்கும் சோடியத்தை வெளியேற்றி, நீண்ட கொழுப்பு வால் உடைய ஒருவகை அமோனியம் உப்பை அங்கே குடியேற்றுகிறார்கள். ஏடுகள் சற்று விலகுகின்றன. அதோடு மலேயிக்கு அன்ஹைடிரைடு என்னும் பொருளை முனையில் ஒட்டவைத்த சங்கிலிகளையும் சேர்க்கிறார்கள். அவற்றின் உடல் பிளாஸ்டிக்கோடு உறவாடும். ஒட்டிய முனை களிமண்ணைப் பற்றிக்கொள்ளும். இதனைப் பிற ஊர்களில் விளக்கப் பெரும்பாடு பட்டதுண்டு. இங்கே வேண்டுவதில்லை. 1911-இல் வட ஆர்க்காட்டுப் பகுதிகளையும் கடப்பைப் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கிய பழைய சித்தூர் மாவட்டத்துப் பகுதியல்லவா இது? சித்தூர்ச் சந்தையில் தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசி முடிக்கும் நம் தாய்மார்கள் ஒவ்வொருவரும் அந்தச் சங்கிலியின் தொழிலைத்தான் செய்கிறார்கள்.

களிமண்ணுக்கும் குறை உண்டு. வன்மையைத் தருகிறது, ஆனால் சங்கிலிகளின் அசைவைக் கட்டிப்போடுகிறது. அவிழாமல் எஞ்சிய கட்டுகள் வெடிப்புத் தொடங்கும் இடங்களாகின்றன. எனவே களிமண் மட்டும் சேர்த்த பட்டை விறைப்பாக நிற்கும். ஒரு தட்டுத் தட்டினால் உடையும். ரப்பர் மட்டும் சேர்த்தது உடையாது, விறைப்பாக நிற்காது. இரண்டையும் சேர்த்தால் இரண்டு நன்மையும் கிடைக்குமல்லவா என்று யாருக்கும் தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றிற்று. அதனால் நாம் பட்ட இழுக்கை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சிறு கலவை ஆலையில் பொறுப்பில் இருந்தோம். ஊரும் பேரும் வேண்டா. இரட்டைத் திருகு எந்திரத்தில் பிளாஸ்டிக்கையும் சேர்மானங்களையும் உருக்கிப் பிசைந்து நூலாக இழுத்து அரிசி போல வெட்டித் தருவது தொழில். சரக்குத் தட்டுகளுக்கு வேண்டிய கலவை ஒன்று கேட்டிருந்தார்கள். முதலில் பிளாஸ்டிக்கில் களிமண்ணைச் சேர்த்து ஒரு முறை ஓட்டவேண்டும். பிறகு அதனோடு ரப்பரைச் சேர்த்து மறுமுறை ஓட்டவேண்டும். முன்பிருந்தவர் வகுத்த முறை அது. மின்சாரச் செலவும் ஆள் கூலியும் இரட்டிப்பாகின்றனவே என்று கருதி, மூன்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே ஓட்டத்தில் முடிக்கும்படி நாம் பணித்தோம். எடை ஒரு கிராமும் குறையவில்லை. அன்று இரவு வேலையில் இருந்த பிட்டர், புத்தூர்க்காரர், வயதில் மூத்தவர், "ஐயா, பெரியவர் இப்படிச் செய்யமாட்டாரே" என்று ஒரு முறை சொன்னார். நாம் கேட்கவில்லை. மாதிரிப் பட்டைகளைச் சோதித்துவிட்டு அனுப்பவேண்டும் என்னும் விதியையும் அவசரத்தில் தள்ளிப்போட்டோம்.

பதினைந்து நாளில் தட்டுகள் திரும்பி வந்தன. சுமை ஏற்றிய ஒரு தட்டு குளிர்க் கிடங்கில் கைதவறி விழுந்து விளிம்பு சிதறி, தூக்கிய இளைஞனின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல். அவனை மருத்துவமனையில் சென்று கண்டோம். அவன் நம்மைக் குறை கூறவில்லை. தட்டைச் சரியாகப் பிடிக்காதது தன் தவறு என்றான். அந்தச் சொல் நம்மை வாட்டிய வாட்டம் இன்றும் தீரவில்லை.

வீட்டிற்கு வந்து, சேர்மானம் ஒன்றே, எடையும் ஒன்றே, இது எப்படி நேர்ந்தது என்று புலம்பிக்கொண்டிருந்தோம். நம் இல்லாள் அடுப்படியிலிருந்தபடியே, "முறுக்குக்கு வெண்ணெயை மாவில் பிசறிய பிறகுதானே தண்ணீர் விடுகிறோம்? எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டிப் பிசைந்தால் கல்லாகத்தானே போகும்?" என்றார். அவருக்குப் பலபடி தெரியாது, முறை தெரியும். திருமலை மடைப்பள்ளியில் இலட்டுக்குரிய பொருள்களின் அளவு வரையறையைத் திட்டம் என்பர். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் இத்தனை என்று அதில் இருக்கும். திட்டத்தை நம் கையில் கொடுத்துவிட்டால் நமக்கு இலட்டு வந்துவிடுமா?

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபொழுது காரணம் விளங்கிற்று. நாம் பயன்படுத்திய ரப்பரில் முன் சொன்ன மலேயிக்கு முனை ஒட்டியிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உருகும்பொழுது களிமண் ஏடுகள் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு அந்த ரப்பரிடம் ஓடிவிடுகின்றன. ரப்பர்த் துளிக்குள் களிமண் புகுந்தால் துளி இறுகிவிடும். அடி விழும்பொழுது வெடித்துக் குழியாகவேண்டிய துளி வெடிக்க மறுக்கிறது. களிமண்ணோ மென்மையான துளிக்குள் அடைபட்டிருப்பதால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கு வன்மை தர இயலாது கிடக்கிறது. ரப்பர் தன் தொழிலைச் செய்யவில்லை, களிமண்ணும் செய்யவில்லை. இரண்டுக்கும் கொடுத்த விலை வீண். களிமண்ணை முதலில் பிளாஸ்டிக்கில் சேர்த்து ஏடுகளைப் பரப்பி நிலைநிறுத்தி, பிறகு ரப்பரைச் சேர்த்தால் ஏடுகளில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கிலேயே தங்குகிறது. துளி மென்மையாகவே இருக்கிறது. நைலான், ரப்பர், களிமண் மூன்றையும் வெவ்வேறு வரிசையில் கலந்து ஒப்பிட்ட ஆய்வாளர்களும் இவ்வரிசையே அடிதாங்கும் திறனுக்குச் சிறந்தது என்று கண்டிருக்கிறார்கள். பெரியவர் அந்த ஆய்வுகளைப் படித்தவர் அல்லர். கைப்பழக்கத்தில் கண்டுகொண்டார்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. சில ஏடுகள் துளிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைப்பட்ட எல்லையில் போய் நின்றால் அது நன்மை. பூரிக்கு உருட்டிய உருண்டைகள்மேல் உலர்ந்த மாவு தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாதல்லவா? அவ்வாறே எல்லையில் நிற்கும் ஏடுகள் ரப்பர்த் துளிகள் ஒன்றுகூடிப் பெருக்காதபடி தடுக்கின்றன. துளி சிறிதானால் இடைத்தொலைவு குறையும். காப்புப் பெருகும் என்று முன்பே சொன்னோம். களிமண் கலந்த உருகல் தடித்துப்போவதும் துளிகளைச் சிறிதாகச் சிதைக்க உதவுகிறது. இன்னொரு பயன், ஏடுகள் குறுக்கே நிற்பதால் வாயுவும் நீராவியும் நேரே ஊடுருவ இயலாமல் வளைந்து வளைந்து செல்லவேண்டியிருக்கிறது. நீர் வற்றுவதைக் குறைக்கவேண்டிய பெட்டிகளுக்கு இது வேண்டிய குணமே.

களிமண் ரப்பருக்குள்ளேயே இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. டென்னிஸ் பந்து ஒன்றின் உட்புறத்தில் களிமண் ஏடுகள் சேர்ந்த ரப்பர்ப் பூச்சு இட்டுக் காற்று வெளியேறாமல் தடுத்து விற்றார்கள். டயரின் உள்ளுறைக்கும் அதே வழியை ஆராய்ந்திருக்கிறார்கள். டயர் என்றதும் ஸ்ரீசிட்டியை அடுத்த சின்னபண்டூரில் 2020-இல் உற்பத்தி தொடங்கிய அப்பல்லோ டயர் ஆலை நினைவிற்கு வரும். டயரின் கருமைக்குக் காரணமான கரித்தூளும் நானோ அளவினதே. 1904-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ரப்பரில் அதனைச் சேர்த்துப் பார்த்தவர்கள் நானோ என்னும் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே ரப்பர் தலைவன், தூள் துணைவன். நம் பெட்டியில் பிளாஸ்டிக்கு தலைவன், மற்ற இரண்டும் துணைவர்.

மூன்றும் சேர்ந்த பொருள் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டு மாதிரி வேன்களின் ஏறுபடிகளை, பாலிப்புரொப்பிலீனில் ரப்பரும் நானோக் களிமண்ணும் சேர்ந்த பொருளால் செய்தார்கள். களிமண் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவே. அதே விறைப்புக்கு டால்க்காயின் பன்மடங்கு வேண்டியிருக்கும். மனிதர் மிதித்து ஏறும் படி உடையவும் கூடாது, தொய்யவும் கூடாது என்பதால் அது நல்ல தேர்வு.

இருந்தும் டால்க்குத் தூள் தொழிலைவிட்டு ஓடிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நானோக் களிமண்ணின் விலை மிகுதி. ஏடுகளைப் பிரிக்க உதவும் அமோனியம் உப்பு 200 பாகையை ஒட்டிச் சிதையத் தொடங்கும். பாலிப்புரொப்பிலீனைப் பிசைவதோ அதே வெப்பத்தில்தான். சற்று அயர்ந்தால் நிறம் பழுக்கும், நாற்றம் எழும், பிரிந்த ஏடுகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பெயர்ப்பலகையில் நானோ என்று எழுதி எதையும் விற்றுவிடலாம் என்று எண்ணும் வணிகர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஏடுகள் பிரிந்தனவா என்று எக்ஸ் கதிர்ச் சோதனையாலும் மின்னணு நுண்ணோக்கியாலும் காட்டச் சொன்னால் அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். தூளைக் கையாளும் தொழிலாளர் மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளவேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறோம். துண்டைச் சுற்றிக்கொள்வது போதாது.

இனி வீட்டுக்குரிய ஒரு செய்தி. பழைய மின்கலத்தின் பெட்டியை நொறுக்கி, கழுவி, உருக்கி மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறை உருகும்பொழுதும் சங்கிலிகள் அறுந்து குறுகுகின்றன. பொருள் நொறுங்கும் இயல்பு பெறுகிறது. அதற்கும் மருந்து ரப்பர்தான். சிறிது புதிதாகச் சேர்த்தால் இழந்த திண்மையில் ஒரு பகுதி மீளும். இதெல்லாம் முறையான ஆலையில் நடக்கவேண்டிய காரியம். தெருவோரத்தில் பெட்டியைப் பிளந்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி ஈயத்தை வெட்டவெளியில் உருக்குவோரிடம் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைக்கிறது என்று பழைய மின்கலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஈயப் புகை முதலில் தீண்டுவது குழந்தைகளின் மூளையை. உற்பத்தியாளரே பழையதைத் திரட்டி மறுபயனுக்கு அனுப்பவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. வாங்கிய கடையில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

இளைஞர் சிலர் இத்துறையில் எங்கே படிக்கலாம் என்று விழாவுக்கு முன்பே நம்மைக் கேட்டார்கள். பிளாஸ்டிக்குத் தொழிற்பயிற்சிக்கென்றே சென்னைக் கிண்டியில் 1968-இல் நிறுவிய மத்திய நிறுவனம் உண்டு. அடிப்படை வேதியியலுக்கு 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2015 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் திருப்பதிக்கு வந்துவிட்டன. விவரம் வேண்டுவோர் பின்னர் வந்து பேசலாம்.

இப்பொழுது அந்த மேசைக்கு வருவோம். வெள்ளைக் கயிறு கட்டியது வெறும் பாலிப்புரொப்பிலீன். கறுப்புக் கயிற்றுப் பட்டையில் மூன்றையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறது. அன்று நாம் கெடுத்த சரக்கில் எஞ்சியது, இத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். சிவப்புக் கயிற்றுப் பட்டை பெரியவரின் முறைப்படி செய்தது. மூன்றும் காலையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் கிடந்து சற்று முன்புதான் வெளியே எடுக்கப்பட்டவை; ஆகையால் இப்பொழுதே வளைத்துப் பார்க்கவேண்டும். கண்ணாடி அணிந்த பிள்ளைகள் முதலில் வரட்டும், மற்றவர்கள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். சிவப்புப் பட்டையை மடக்கும் இடத்தில் பால் போன்ற ஒரு வெண்மை படர்வதைக் காண்பீர்கள். துளிகள் வெடித்துக் குழிகளாவதால் தோன்றும் வெண்மை அது. கறுப்பை மடக்குபவர் கையில் இந்தத் துணியைச் சுற்றிக்கொள்ளவேண்டும்.